எந்த வாயிலும் இல்லாத வெள்ளை

குருவி சிரிப்பதை நிறுத்திவிட்டாள் என்று முதலில் கவனித்தவள் அவள் அம்மாதான்.

"கடைசியா அவ வாய்விட்டுச் சிரிச்சு எப்பங்க பாத்தீங்க?" என்று ஒரு விடுமுறை நாளில் துணி மடித்துக்கொண்டே கணவரிடம் கேட்டாள்.

அவர் யோசித்துப் பார்த்தார். நாள் முழுதும் பற்களோடு கிடக்கிற மனிதர் அவர். வீட்டுக்கு வந்தபின் யார் வாயையும் பார்ப்பதில்லை. மனைவி நான்கைந்து துணிகளை மடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"எனக்கும் ஞாபகம் இல்ல. அதான் கேட்டேன்" என்றாள்.

அவர் பல் செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை அவருக்கு அனுப்புவார்கள். அச்சில் பிளாஸ்டர் ஊற்றினால் அந்த வாயின் நகல் கிடைக்கும். அதன்மேல் மெழுகிலும் பிளாஸ்டிக்கிலும் பீங்கானிலும் பல் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். கடைகளின் பின்பக்கம் மூன்று அறைகள்தான் அவர் வேலை செய்யும் இடம், கூட ஒரே ஒரு ஆள். தலையிலும் புருவத்திலும் எப்போதும் பிளாஸ்டர் தூசி படிந்திருப்பதால் அவனுக்குப் பவுடர் என்று பெயர். டாக்டர்கள்கூட போனில் "பவுடர் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள்.

குருவி என்பதும் வீட்டில் வைத்த பெயர்தான். பேச்சு வந்த நாளிலிருந்து வாய் ஓயாத குழந்தை. பல் தேய்க்கும்போதும் பேசுவாள், தூக்கத்திலும் பேசுவாள். பதினேழு வயதில் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அவளுக்கு மேல்வரிசையில் வலதுபக்கம் ஒரு தெற்றுப்பல். பக்கத்துப் பல்லின் தோள்மேல் சாய்ந்து எட்டிப் பார்ப்பதுபோல நிற்கும். அது அம்மாவிடமிருந்து வந்தது. அம்மாவுக்கும் அதே இடம், அதே சாய்வு. பேருந்து நிலையத்தின் டிக்கெட் கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, "உங்க வண்டி இப்பத்தான் போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு பெண்ணை அவர் மறுநாளும் போய்ப் பார்த்தார் என்றால், அந்தப் பல்தான் காரணம். அவள் இன்னமும் அதே கவுண்டரில்தான் இருக்கிறாள்.

நடந்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. கூடப் படிக்கும் ஒருத்தியின் பிறந்தநாளில் யாரோ வீடியோ எடுத்தார்கள். அதில் குருவி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை மட்டும் வெட்டியெடுத்து, வேகத்தைக் குறைத்து, தெற்றுப்பல் திரையை அடைக்கும்வரை பெரிதாக்கி, பின்னணியில் குதிரை கனைக்கும் சத்தம் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். பள்ளி முழுக்கச் சுற்றியது, பக்கத்துப் பள்ளிக்கும் போனது. 'இதுல சோடா பாட்டில் திறக்கலாம்' என்று ஒருவன் எழுதினான். அதற்குக் கீழே சிரித்தவர்களின் வரிசை முடிவில்லாமல் போயிற்று. ஒரு வாரத்தில் எல்லோரும் மறந்தார்கள். போட்டவளே அதை நீக்கிவிட்டு, "சாரிடி, சும்மா ஜோக்குக்குத்தான்" என்று வந்து கட்டிக்கொண்டாளாம்.

குருவி மறக்கவில்லை. நீக்குவதற்கு முன்பே அதைத் தன் போனில் சேமித்து வைத்திருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் இல்லாமல், திரும்பத் திரும்ப அதையே பார்த்தாள் என்பது அவர்களுக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அப்புறம் அவள் வெளியே போகும்போது மாஸ்க் போட ஆரம்பித்தாள். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். சாப்பிடும்போது இடதுகை வாய்க்கு முன்னால் ஒரு கதவுபோல நிற்கும். போனில் மட்டும் மாஸ்க் இல்லை. அங்கே அவளுடைய முகம் வேறு. ஃபில்டர் போட்டால் கன்னம் ஒட்டும், கண் விரியும், தெற்றுப்பல் வரிசைக்குள் போய் நிற்கும், எல்லாப் பல்லும் ஒரே வெள்ளையாகும். அந்த முகத்தோடு வீடியோ போடுவாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளியலறைக் கண்ணாடியைப் பார்க்காமல் பல் தேய்ப்பாள்.

அம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல் பேசிவிட்டாள்.

"என் பல்லும் இப்படித்தான்டி இருக்கு. நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

"உன்ன யாரும்மா பாக்கறா?"

குருவி அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள். அம்மா பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். இன்னொன்றைக் கழுவினாள். படுக்கும் முன்பு கணவரிடம், "நாள் பூரா ஊரே என் மூஞ்சியப் பாக்குதுங்க. ஒரு கண்ணாடிதான் நடுவுல" என்றாள். அவர் விளக்கை அணைத்தார்.

போனைப் பிடுங்கி வைத்தும் பார்த்தார்கள். அவள் அழவில்லை, கத்தவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"போன் இல்லன்னா நிம்மதியா இருக்கும்ல?" என்று அவர் கேட்டார்.

"அவங்க பேசறது எனக்குக் கேக்காது, அவ்வளவுதான்பா. பேசாம இருக்க மாட்டாங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அவருக்கு நெடுநாளாக வேலை தரும் ஒரு பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். கம்பி போட்டு இழுத்தால் பல் வரிசைக்கு வரும், இரண்டு வருடம் ஆகும் என்றாள் அவள். "ரெண்டு வருஷம் வாயில கம்பியோடயா?" என்று குருவி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது கேப். முன்பற்களைத் தேய்த்து மெலிதாக்கி, மேலே பீங்கான் உறை மாட்டுவது. டாக்டரம்மா முடியாது என்று தலையை ஆட்டினாள்.

"நல்ல பல்லு. இந்த வயசுல நான் இதைத் தொடமாட்டேன். வேற டாக்டர் தொட்டாலும் நீங்க விடாதீங்க" என்று அவரிடம் சொன்னாள். பிறகு தணிந்த குரலில், "பல்லு இல்லைங்க பிரச்சினை. யாராவது மனநல ஆலோசகரைப் பாருங்க" என்று ஒரு விலாசம் கொடுத்தாள்.

அங்கேயும் போனார்கள். காத்திருக்கும் அறை நிறைய அவள் வயதுப் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு அம்மாவோ அப்பாவோ. பிள்ளைகள் எல்லாம் மடியில் இருந்த போனைப் பார்த்தார்கள், பெற்றவர்கள் எல்லாம் சுவரைப் பார்த்தார்கள். இரண்டு அப்பாக்களின் கண்கள் தற்செயலாகச் சந்தித்தால் உடனே விலகிக்கொண்டன. ஆலோசகர் நல்ல பெண். குருவி மாஸ்க்கைக் கழற்றாமலே உள்ளே இருந்துவிட்டு வந்தாள். "அவசரப்படாதீங்க, வீட்டுல சண்டை வேணாம், இன்னும் நாலஞ்சு தடவை வந்தா பேசுவா" என்று வாசல்வரை வந்து சொன்னார் அந்தப் பெண். அடுத்த முறைக்குக் கிடைத்த தேதி வெகு தூரத்தில் இருந்தது.

அன்று வீடு திரும்பும் வழியில், பஸ்ஸில், குருவி கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் பல்லு செஞ்சு தர்ற. எனக்கு மட்டும் செய்ய மாட்டியாப்பா?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் கண்ணாடியில் தெரிந்தது. இறங்கும் இடம் வருவதற்குள் அவருக்கு ஒரு யோசனை வந்தது.

அவர்கள் தொழிலில் ட்ரையல் என்று ஒன்று உண்டு. நிரந்தரமாக எதையும் செய்வதற்கு முன்னால், நோயாளியின் பல்லைத் தொடாமல், மேலே கழற்றி மாட்டும்படி பிளாஸ்டிக்கில் ஒரு மெல்லிய உறை செய்து கொடுப்பார்கள். போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளட்டும் என்று. இத்தனை வருடத்தில் ட்ரையலைப் பார்த்து, "ஆஹா, இப்படியே இருக்கட்டும்" என்று சொன்ன ஒரு நோயாளியைக்கூட அவர் கேள்விப்பட்டதில்லை. பெரிதாக இருக்கிறது என்பார்கள், நீளம் என்பார்கள். முக்கியமாக, "இது நான் மாதிரியே இல்லையே" என்பார்கள். ஆசையோடு வந்தவர்களில் பாதிப் பேர் ட்ரையலோடு மனம் மாறிப் போவதுண்டு. கேட்டதைக் கையில் கொடுத்தால் வேண்டாம் என்பார்கள் என்பது அவர் வருடக்கணக்காகக் கேட்டு வந்த உண்மை. அதை அவர் நம்பினார்.

அடுத்த விடுமுறை நாளில் குருவியை வேலை செய்யும் இடத்துக்கு அழைத்தார்.

"எப்படி வேணும்னு ஒரு போட்டோ அனுப்பு."

அவள் அனுப்பினாள். பல மாதத்தில் அவருக்கு அவள் போனிலிருந்து வந்த முதல் செய்தி. அவளுடைய படம்தான், ஃபில்டர் போட்டது.

பவுடர் எட்டிப் பார்த்தான். "அண்ணா, முன்னாடி எல்லாம் நடிகை போட்டோவக் கொண்டுவந்து இந்த மாதிரி ஆக்குன்னு கேப்பாங்க. இப்ப அவங்க போட்டோவையே கொண்டுவந்து, என்னையே என்னை மாதிரி ஆக்குன்னு கேக்கறாங்க. குருவி, உங்க சித்தப்பனுக்கும் ஒரு போட்டோ எடு. தலையில முடி வர்ற மாதிரி ஃபில்டர் இருக்கா?"

குருவியின் கண்கள் ஒரு கணம் சுருங்கின. அவர் அதைப் பார்த்தார். மாஸ்க்குக்குள் சிரித்தாளா என்று தெரியவில்லை.

அச்சு எடுக்க மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார். பவுடர் அடுத்த அறைக்குப் போகும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். எத்தனையோ ஆயிரம் பேரின் வாயைக் கையில் ஏந்தியவர் அவர், எல்லாம் பிளாஸ்டரில். இதில் மூச்சு வந்தது, சூடாக.

வேலையை அவர் வேண்டுமென்றே மிகையாகச் செய்தார். ஃபில்டரில் இருந்தபடியே எல்லாப் பல்லும் ஒரே நீளம், ஒரே அகலம், நடுவில் நிழல்கூட விழாத நெருக்கம். நிறத்துக்கு ஷேடு கார்டின் கடைசி ஓரத்தில் இருந்ததை எடுத்து, அதில் இன்னும் கொஞ்சம் வெள்ளை கலந்தார். எந்த மனித வாயிலும் அந்த வெள்ளை கிடையாது.

"இது பல்லா, பாத்ரூம் டைல்ஸா?" என்றான் பவுடர். "பொண்ணு மூஞ்சியில அடிக்கும்ணா."

"அடிக்கட்டும்டா. அப்பத்தான் வேணாம்னு சொல்லுவா."

"வேணாம்னு சொல்றதுக்கா இவ்வளவு இழைக்கறீங்க?"

"கொஞ்சம் அரைகுறையா செஞ்சா, இன்னும் நல்லா செஞ்சு தான்னு கேப்பா. அவ கேட்டது அப்படியே இருக்கணும்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போகும்போது பல நாள் கழித்து அவருக்குப் பசி எடுத்தது.

குருவி அதை வாங்கிக் குளியலறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது. உறை பல்லின்மேல் உட்காரும் சின்னச் சத்தம் கேட்டது. அவரும் மனைவியும் கூடத்தில் நின்றார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. குழாய்கூடச் சொட்டவில்லை.

பிறகு அவள் சிரித்தாள். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து. வெளியே வந்தபோது அவளுடைய முகத்தின் கீழ்ப்பாதியில் யாரோ விளக்குப் போட்டதுபோல இருந்தது. உதடு சரியாக மூடவில்லை.

"அப்பா" என்றாள். உறை நாக்கைத் தடுத்ததால் குரல் கொஞ்சம் குழறியது. "இதுதாம்பா நான்."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

ட்ரையலைச் சில நிமிடங்களுக்கு மேல் போட்டிருக்கக் கூடாது. அவள் அதை நாள் முழுதும் போட்டிருந்தாள். போட்டுக்கொண்டு மெல்ல முடியாது. கழற்றினால் யாராவது பார்த்துவிடுவார்கள். அதனால் சாப்பாட்டைத் தட்டோடு தன் அறைக்கு எடுத்துப் போனாள். கொஞ்ச நாளில் தட்டு அப்படியே திரும்பி வந்தது. அப்புறம் தட்டே போகவில்லை. ஸ்ட்ரா போட்டுக் குடிக்கிற எதையாவது குடித்தாள். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

ஆனால் மாஸ்க் போய்விட்டது. பள்ளிக்கு ஒழுங்காகப் போனாள். வீடியோ போட்டாள், ஃபில்டர் இல்லாமல். கீழே மனிதர்கள் இதயமாகக் கொட்டினார்கள். சில நாள் அம்மாவைக் கூப்பிட்டு அதையெல்லாம் காட்டவும் செய்தாள்.

மாலை நேரங்களில் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அவள் சிரிப்பு கேட்கும். அம்மா கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டுக் கேட்பாள். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் சிரிப்பு, அதே நீளம், அதே ஏற்றம், அதே இடத்தில் நிற்கும். மறுபடியும் இடைவெளி. மறுபடியும் அதே சிரிப்பு. சரியாக வரும்வரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சந்தோஷமாத்தான இருக்கா?" என்றாள் மனைவி. "நீங்களே சொல்லுங்க. இது சந்தோஷமா, இல்லையா? எனக்குப் புரியல."

அவர் ட்ரையலை ஒருமுறை எடுத்து ஒளித்து வைத்தார். அவள் முகம் கழுவும்போது, மேஜைமேல் இருந்ததை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். குருவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அன்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அம்மா கதவோரம் தரையில் உட்கார்ந்து, கெஞ்சி, திட்டி, பிறகு சும்மா உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் கதவு திறக்கவில்லை. கடைசியில் மனைவி எழுந்து வந்து அவர் முன்னால் கையை நீட்டினாள். அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மகளுக்கு எதைக் கொடுக்கிறோம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. கதவுக்கு அடியில் அதைத் தள்ளியது அவள் அம்மாதான்.

பிறகொரு பகல் வேளையில் குருவி வேலை செய்யும் இடத்துக்குத் தானாகவே வந்தாள். மறுபடி மாஸ்க். பவுடர் ஒரு டாக்டரிடம் பல் கொடுக்கப் போயிருந்தான். கைக்குட்டையைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். உறை விரிசல் விட்டிருந்தது, வலதுபக்கம், தெற்றுப்பல் இருக்கும் இடத்தில்.

"ஒட்டித் தருவியா?"

"இங்க ரொம்ப மெலிசு. ஒட்டினாலும் நிக்காது." அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பல்லு முன்னால தள்ளி நிக்குதில்ல, அதுக்கு மேல உறை. அதிகமா வச்சா வீங்கின மாதிரி இருக்கும்னு மெலிசாக்கினேன்."

"இப்பவே வீங்கித்தான் இருக்கு."

"யாரு சொன்னா?"

அவள் போனை எடுத்துக் காட்டினாள். அத்தனை இதயங்களுக்கும் பாராட்டுகளுக்கும் நடுவில் யாரோ ஒருவர், பெயர் இடத்தில் ஏதோ எண்கள், 'ஒரு பக்கம் மட்டும் உப்பலா இருக்கே, என்னாச்சு?' என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். அதில் கேலிகூட இல்லை.

"இத்தனை பேர் நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்களேம்மா."

"அவங்க சரியாப் பாக்கல" என்றாள்.

அவர் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். இதைவிடத் தோதான நேரம் வராது என்று தோன்றியது.

"குருவி, இத நீ வேணாம்னு சொல்லணும்னுதான் செஞ்சேன். பாத்தவுடனே தூக்கிப் போட்டுடுவன்னு நெனச்சு செஞ்சேன்."

"தெரியும்பா."

"தெரியுமா?"

"அவ்வளவு வெள்ளையா நீ யாருக்கு செஞ்சிருக்க? பாத்தவுடனே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன்...?"

"நல்லா இருந்துச்சே" என்றாள்.

தெருவில் ஏதோ வண்டி பின்வாங்கும் மணிச்சத்தம் கேட்டு, நின்றது. அவர் மேஜைமேல் இருந்த பிளாஸ்டர் துகள்களைக் கையால் ஒதுக்கினார். ஒதுக்கியதை மறுபடி ஒதுக்கினார்.

"புதுசா செஞ்சு தா. இன்னும் மெலிசா. இது லூஸா வேற இருக்கு."

லூஸா இருக்கிறது என்றதும் அவருடைய தொழில்புத்தி விழித்துக்கொண்டது. நெருக்கமாகச் செய்த உறை, லூஸாகாது. "அப்ப அச்சு எடுக்கணும்" என்றார்.

"பழசே போதும்பா."

"பழசுல செஞ்சா பழைய மாதிரிதான் வரும். வா, உக்காரு."

"வேணாம்பா. பழசுலயே செய்."

"ஒரு நிமிஷ வேலை. வாயைத் திற."

அவள் உட்கார்ந்திருந்தாள். அவர் நின்றுகொண்டிருந்தார். கடைசியில் அவள்தான் தோற்றாள். மாஸ்க்கைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்தாள். அவர் விளக்கை இழுத்துத் தாழ்த்தினார்.

ஈறு முழுக்கச் சிவந்து வீங்கியிருந்தது. அது எதிர்பார்த்ததுதான். தெற்றுப்பல்லின் நுனி இல்லை. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கூர்மை தட்டையாகியிருந்தது, முன்பக்க வளைவும் சமமாகியிருந்தது. பல்லின்மேல் குறுக்காகச் சின்னச் சின்னக் கோடுகள். கண்ணாடிபோல இருக்கவேண்டிய இடத்தில் பளபளப்பே இல்லை, உள்ளேயிருந்து மஞ்சள் தெரிந்தது.

அவர் விளக்கை விட்டுவிட்டார். அது தானாக மேலே போயிற்று.

"எதால தேச்ச?"

"நகம் தேய்க்கற அரம்."

"எப்ப இருந்து?"

அவள் கைக்குட்டையை எடுத்து மடித்தாள்.

"வலிக்கலையா?"

"சில்லுனு எதாவது பட்டாத்தான்."

"அது திரும்ப வளராது, தெரியுமா? நகம் இல்லம்மா அது. போனது போனதுதான்."

"தெரியும்பா. உன் பொண்ணுதான நான்?"

அவள் அதை ஆறுதல்போலச் சொன்னாள். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எழுந்து பக்கத்தில் வந்து, அவர் சட்டைக் கையில் படிந்திருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

"அம்மாகிட்ட சொல்லாத."

"ஏன்?"

"அவங்க பல்லு அசிங்கம்னு நான் நெனக்கறேன்னு நெனச்சுப்பாங்க."

"நீ நெனக்கலையா?"

குருவி ஆச்சரியத்தோடு அவரைப் பார்த்தாள். "அம்மாவுக்கு அது எவ்வளவு அழகா இருக்கு!" என்றாள்.

ஒரே பல், ஒரே சாய்வு. அவளிடம் அதை எப்படிக் காட்டுவது? எந்தக் கண்ணாடியில்?

"நான் செஞ்சு தரலன்னா?" என்று கேட்டார்.

"ஆன்லைன்ல கிடைக்குதுப்பா. எல்லாருக்கும் ஒரே சைஸ். இன்னும் கொஞ்சம் தேச்சா பொருந்திடும்." அவள் குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

டாக்டரம்மாவிடம் கூட்டிப்போக வேண்டும், ஆலோசகரிடம் போன் செய்து அழுதாவது முன்னால் ஒரு தேதி வாங்க வேண்டும் என்று அவர் மனதுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். அதெல்லாம் செய்வார். ஆனால் இன்றைக்கு அவள் வீட்டுக்குப் போவாள், அங்கே அந்த அரம் இருக்கும். அதைப் பிடுங்கினால் வேறொன்று. சுவர், படிக்கட்டு விளிம்பு, தீப்பெட்டியின் உரசும் பக்கம். தேய்க்கவேண்டும் என்று நினைத்தவளுக்கு உலகத்தில் சொரசொரப்புக்கா பஞ்சம்?

உறை உடையாமல் இருக்க வேண்டுமானால் அந்த இடத்தில் கொஞ்சம் கனம் வேண்டும். கனம் வைத்தால் உப்பலாகத் தெரியும். தெரிந்தால் அவள் இன்னும் தேய்ப்பாள். மெலிதாகச் செய்தால் உடையும், உடைந்தால் மறுபடி வருவாள், அதற்குள் எவ்வளவு பல் மிச்சம் இருக்கும் என்று சொல்ல முடியாது. நெடுநேரம் அவர் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவைத் தேடினார். தலைமுடியின் பாதியளவு இடம் இருந்தால் போதும், அதற்குள் எதையாவது செய்யத் தெரிந்தவர். அந்த இடம் இல்லை.

"வாயைத் திற" என்றார்.

அச்சு எடுத்தார். எடுத்தவுடனே பிளாஸ்டர் ஊற்றியாக வேண்டும், காய்ந்தால் அளவு சுருங்கிவிடும். கைகள் ரப்பர் கிண்ணத்தை எடுத்தன, தண்ணீர் ஊற்றின, கலக்கின. குருவி மாஸ்க்கை மாட்டிக்கொண்டு மூலையில் இருந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள்.

பவுடர் தேநீரோடு உள்ளே வந்தான். "அடடே, ஸ்டார் வந்திருக்காங்க! நம்ம கடைக்கு ஒரு வீடியோ போட்டு விடக்கூடாதா, மகளே? சித்தப்பன் பின்னால நின்னு பறக்கற மாதிரி..." என்று ஆரம்பித்தவன், இறுகிக் காய்ந்த நகலை அச்சிலிருந்து பிரித்தெடுக்கக் கை நீட்டினான். அவன்தான் எப்போதும் பிரிப்பான். பிரித்தான், ஓரத்தைக் கட்டைவிரலால் துடைத்தான். துடைத்த விரல் ஒரு இடத்தில் நின்றது.

அவன் குருவியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தான். நகலை மேஜைமேல், ஏதோ தூங்கும் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல, சத்தமில்லாமல் வைத்தான். தேநீரை எடுத்துக்கொள்ளாமலே அடுத்த அறைக்குப் போய்விட்டான். அங்கே குழாயைத் திறந்து, வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தான்.

அவர் மெழுகுக் கத்தியைச் சூடாக்கினார். நகலை அருகில் இழுத்தார்.

"அப்பா" என்றாள் குருவி, போனிலிருந்து தலையைத் தூக்காமல். "சாயங்காலத்துக்குள்ள ஆயிடுமா?"

அவர் கத்தியின் நுனியில் மெழுகு உருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய்ச் சத்தம் நின்றது.

"ஆயிடும்" என்றார்.